இல்லாத வெட்டு

பஞ்சு என்பது அவர் பெயர் அல்ல. அவர் கை கன்னத்தில் பட்டால் பஞ்சு பட்ட மாதிரி இருக்கிறது என்று என்றோ ஒரு வாடிக்கைக்காரர் சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. சவரக் கத்தி பிடித்த நாள் முதலாய் ஒரு கழுத்திலும் பொட்டு ரத்தம் வரவழைத்ததில்லை என்பதுதான் அவர் சேர்த்த சொத்து. வேறு சொத்து என்று பார்த்தால் கடைத்தெருச் சலூனில் பாதி. மீதிப் பாதி தம்பியுடையது. கடையில் இரண்டு சுழல் நாற்காலிகள். வாசலை ஒட்டியது அண்ணனுக்கு, உள்ளே தள்ளி இருப்பது தம்பிக்கு. தம்பியும் மோசமில்லை. ஆனால் பேச்சுச் சுவாரசியத்தில் காதோரம் ஒரு கீறல் போட்டுவிட்டு, "பரு இருந்துச்சுங்க" என்று பழியைப் பருவின் தலையில் கட்டுகிற ரகம். அதனால் அண்ணன் நாற்காலி காலியாகட்டும் என்று பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு பெஞ்சில் யாராவது காத்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கே ரத்தம் வந்தது, அதுவும் வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில். சிறுநீரில் வந்தது. முதலில் பீட்ரூட் சாப்பிட்டதால் என்று மனைவியிடம் சொன்னார். அப்புறம் சூடு என்றார். வீட்டில் பீட்ரூட் வாங்கியே மாதக்கணக்கு ஆகிறது என்று அவளுக்கு உறைத்து, அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மூத்திரப்பையில் இருந்த கட்டி முற்றிவிட்டிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் சுரண்டி எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. குடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீர் இறங்கும் குழாய்களை அதில் இணைத்து, அதன் வாயைத் தொப்புளுக்கு வலது பக்கம், கொஞ்சம் கீழே, வெளியில் திறந்துவிட்டார்கள். ஸ்டோமா என்று அதற்குப் பெயர். பார்க்க ஈரச் சிவப்பாய், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாய் இருக்கும். அதற்கு அடக்கவும் தெரியாது, நேரம் காலமும் தெரியாது. சொட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றித் தோலில் ஒரு தகட்டை ஒட்டி, அதில் பையை மாட்டி, பை நிறைய நிறைய அடியிலிருக்கும் திருகைத் திறந்து கொட்ட வேண்டும். உயிர் இருக்கிறவரைக்கும் இந்த ஏற்பாடுதான்.

மனைவி அதற்கு வாடகைக்காரர் என்று பெயர் வைத்தாள். கேட்காமல் குடிவந்தார், வாடகையும் தர மாட்டார், காலி பண்ணவும் மாட்டார் என்று விளக்கம் வேறு சொன்னாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் வைக்கிற பிரிவில் அவளுக்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வாடகைக்காரர் இன்னிக்கு ஒழுங்கா இருந்தாரா?" என்று கேட்பாள். "ஒரே அழுகை" என்பார் பஞ்சு. இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர் முகம் சுருங்குவதை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

மறுபடி கடைக்குப் போக அவர் கேட்டபோதுதான் அவள் பிடிவாதமாக நின்றாள்.

"போங்க. வேணாம்னு சொல்லல. ஆனா ரத்தம்னு ஒரு சொட்டு கண்ணுல பட்டாலும் அன்னிக்கே எங்கிட்ட சொல்லணும். சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும். மறைச்சீங்கன்னு தெரிஞ்சா, உங்க நாற்காலிக்கு வேற ஆளைப் போட்டுக்கோன்னு தம்பிகிட்ட நானே சொல்லிடுவேன். ஒரு தடவை பீட்ரூட் கதை கேட்டது போதும்."

சொன்னால் செய்கிறவள். அவர் தலையை ஆட்டினார். பை வெளியில் தெரியாமலிருக்க அவளே தொளதொளவென்று வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தாள். பையைப் பற்றித் தெரிந்தவர்கள் அவளும் தம்பியும் மட்டும்தான். வாடிக்கைக்காரர்களைப் பொறுத்தவரை பஞ்சுவுக்கு வயிற்றில் ஏதோ ஆப்பரேஷன், அவ்வளவுதான். மூக்குக்குப் பக்கத்தில் நின்று செய்கிற தொழில் இது. வயிற்றில் மூத்திரப் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் முன்னால் யார் கண்ணை மூடிச் சாய்ந்து உட்காருவார்கள்? பஞ்சுவுக்கு அந்தப் பயம் அடிவயிற்றிலேயே இருந்தது.

கடைக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில், ஒரு காலையில் குளியலறையில் தகட்டை மாற்றும்போது, துடைத்த துணியில் சிவப்பாய் இரண்டு புள்ளிகள். ஸ்டோமாவின் விளிம்பிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. கட்டி மறுபடி வந்துவிட்டது என்று ஒரு மனசு சொன்னது. சொன்னால் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் மறுபடி கடைக்கு விடவே மாட்டாள், நாற்காலி போய்விட்டது என்று இன்னொரு மனசு சொன்னது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

வெளியில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை. அதற்குள் கை முந்திக்கொண்டது. கண்ணாடி மாடத்தில் சொந்தச் சவரத்துக்கு வைத்திருந்த படிகாரக் கல்லை எடுத்து, நனைத்து, கசிகிற இடத்தில் ஒரு தேய்ப்பு. சலூன்காரர் கை ரத்தத்தைப் பார்த்தால் வேறென்ன செய்யும்? தம்பி கீறிய காதுகளுக்கெல்லாம் இவர்தானே இத்தனை காலமும் கல் வைத்தார். ரத்தம் சட்டென்று நின்றது. இதில் அவருக்கு ஆச்சரியம், கொஞ்சம்கூட எரியவில்லை. கல் பட்டால் யாரும் ஒரு கணம் கண்ணைச் சுருக்குவார்கள். அந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் காயம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போடுவார். இங்கே எந்தக் கண்ணும் சுருங்கவில்லை. அப்படியானால் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

அன்றிலிருந்து தகடு மாற்றும்போதெல்லாம் கல். நாளாக ஆகக் கசிவு நிற்க அதிக நேரம் பிடித்தது, தேய்ப்பும் அழுத்தமானது. பத்தாததற்குக் கல்லைப் பொடித்தும் வைத்தார். சிவப்பாய் மினுமினுத்த சதை ஓரங்களில் வெளுத்துச் சொரசொரப்பானது. வெளுக்கிறது என்றால் ஆறுகிறது என்று பொருள் பண்ணிக்கொண்டார். பொடி சிந்திய தோலில் தகடு சரியாக ஒட்டவில்லை, ஓரம் கிளம்பியது. அதன்மேல் ஒட்டு நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினார். முன்பெல்லாம் மனைவி பக்கத்தில் நின்று கைக்கண்ணாடி பிடிப்பாள். இப்போது, "எனக்கே பழகிடுச்சு, நீ போ" என்று கதவைத் தாழ்போட்டார். கட்டின புருஷன் குளியலறைக்குள் என்ன மறைக்கப்போகிறார் என்று அவளும் பாவம், நம்பிவிட்டாள். பையில் இறங்குவது சில நாள் வெளிர் சிவப்பாக இருந்தது. அவசரமாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவார்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் ரேடியோ வந்தார்.

கடைத்தெருக் கோடியில் மரக்கடை வைத்திருப்பவர். ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் மதியத்துக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிடும், அதனால் ரேடியோ. கெட்டவர் என்று சொல்ல முடியாது. வாயை மூடி வைத்துக்கொள்ள மட்டும் தெரியாது. அன்றைக்கு எல்லாக் காலையையும் போலப் பஞ்சு பையைக் கொட்டிவிட்டு வருவதற்குள், அவர் உரிமையோடு வாசல் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துவிட்டார்.

"ஆரம்பி பஞ்சு. கடையில லாரி வந்து நிக்குது."

பஞ்சு வெள்ளைத் துணியைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, நுரை தடவி, கத்தியில் புது பிளேடு மாட்டினார். ரேடியோ நகராட்சி குமாஸ்தா ஒருவரின் குடும்பச் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாடையின் கீழ்ப்பக்கம் வழிக்க, பஞ்சு வலது பக்கமாக நின்று குனிய வேண்டியிருந்தது. குனிந்தபோது நாற்காலியின் கை வயிற்றில் அழுத்தியது. அழுத்திய இடத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. தகடு பிய்ந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிட்டது. கழுத்தில் கத்தி இருக்கிறது, பாதியில் விட முடியாது. இன்னும் இரண்டு இழுப்பு, அப்புறம் உள்ளே ஓடிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சாய்ந்திருந்தவரின் தோளில் கோட்டு உரச வழித்தார். வழித்து நிமிர்ந்தபோது ரேடியோ கண்ணாடியைப் பார்த்து உறைந்துபோயிருந்தார். அவர் தோளிலிருந்து கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி சிவந்து நனைந்திருந்தது.

"யோவ் பஞ்சு! ரத்தம்யா! அறுத்துட்டியா என்னை?"

பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தம்பி சீப்பும் கையுமாகத் திரும்பினார்.

பஞ்சுவுக்கு இரண்டே பதில்கள் இருந்தன. இது என் ரத்தம், என் வயிற்றில் கட்டியிருக்கும் மூத்திரப் பையிலிருந்து உங்கள் கழுத்தில் ஒழுகியது என்று சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும், அதற்கப்புறம் இந்த நாற்காலியில் ஈகூட உட்காராது. இல்லையென்றால் ஆமாம் என்று சொல்லலாம்.

"மன்னிச்சிடுங்க முதலாளி. கை தவறிடுச்சு."

வாழ்நாளில் சொல்லாத வார்த்தை அது. சொல்லும்போதே கைகள் வேலை செய்தன. நனைந்த துணியைச் சுருட்டித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஈரத் துண்டால் ரேடியோவின் கழுத்தைத் துடைத்து, வாசனை தூக்கலாகத் தெரியும்படி லோஷனைக் கொட்டித் தடவினார்.

"எரியுதுய்யா, தீயா எரியுது!"

புதிதாய்ச் சவரம் பண்ணிய கழுத்தில் லோஷன் பட்டால் யாருக்கும்தான் எரியும். ரேடியோவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "ஆழமா பட்டிருக்கா?" என்றார்.

"மேலாக்கத்தாங்க."

"மேலாக்கவே இவ்வளவு ரத்தமா!" பயம் தெளிந்து, குரலில் ஒரு பெருமைகூட வந்திருந்தது. பஞ்சு ஒரு கீறல்கூட இல்லாத அந்தக் கழுத்தில் பஞ்சை வைத்து, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். ஒட்டும்போது தம்பி பக்கத்தில் வந்து அந்தக் கழுத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனின் கோட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

ரேடியோ பிளாஸ்திரியோடு தெருவில் இறங்கி நடந்தார். பஞ்சு பின்கட்டுக்குள் போய்க் கோட்டைத் திறந்தபோது, ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கையில் கல் இருந்தது, தேய்க்கத் துணிச்சல் வரவில்லை. தம்பி ஆட்டோ பிடித்தார். வழியில் கம்பெனி வாசலில் நிறுத்தி அண்ணியை ஏற்றிக்கொண்டார்கள். அவள் அவர் மடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

புண்ணான இடத்தில் ரத்தக் குழாய் ஒன்று திறந்துகொண்டிருந்தது. தையல் போட்டு நிறுத்தினார்கள். கட்டி திரும்பி வரவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ஸ்டோமாவுக்கென்றே இருக்கும் நர்ஸ் மறுநாள் வந்து, பையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். பஞ்சு சொன்னார்.

"அதுக்கு வலி தெரியாதுங்க ஐயா. வலிக்கிற நரம்பே அதுல கிடையாது. நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு வேக வச்சிருக்கீங்க, அதுக்குக் கத்தத் தெரியல."

"ரத்தம் வந்துச்சு சிஸ்டர். அதான்..."

"துடைக்கும்போது ஒண்ணு ரெண்டு சொட்டு வரத்தாங்க செய்யும். பல்லு விளக்கும்போது ஈறுல வர்ற மாதிரி. ஈரத்துணியை வச்சு மெல்ல அமுக்கிப் பிடிச்சா நின்னுடும். நிக்கலைன்னாலோ, உள்ளேருந்து வந்தாலோ, கலர் மாறினாலோ அன்னிக்கே ஓடி வரணும். முதல் நாளே வந்திருந்தா, இதைச் சொல்லி அப்பவே உங்களைக் கடைக்கு அனுப்பியிருப்பேனே."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் போன பிறகுதான் பேசினாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாற்காலியைப் பிடுங்கிடுவேன்னு."

"உன் மேல என்ன தப்பு?"

"என் மேலயும்தான் இருக்கு. பயத்துல உங்களை மிரட்டினேன். நீங்க பயத்துல மறைச்சீங்க. நல்ல ஜோடி." சொல்லிவிட்டு அழுதாள். வாடகைக்காரரைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு கேலியும் செய்யவில்லை.

புண் ஆறியதும் அவளே கோட்டைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்து, கடைக்கு அனுப்பினாள். நாற்காலியின் கையில் தம்பி தடிமனாகப் பஞ்சணை வைத்துக் கட்டியிருந்தார். பஞ்சு வாசல் நாற்காலியைத் துடைத்து, துணியை உதறி, பெஞ்சைப் பார்த்து, "வாங்க" என்றார்.

முதலில் இருந்தவர் வாரப் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இருக்கட்டும், தம்பி முடிக்கட்டும்" என்றார். அடுத்தவருக்கு அவசரமே இல்லையாம். மூன்றாமவர் தன் மகனை, ஏறப்போனவனை, சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

ரேடியோ தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். பிளாஸ்திரியைப் பிரிக்காமலே பல நாள் திரிந்தாராம். ஒவ்வொரு கடையிலும் வெட்டு கொஞ்சம் ஆழமாகிக்கொண்டே போயிருக்கிறது. மயிரிழையில் குரல்வளை தப்பியதாம். ஆப்பரேஷனுக்கப்புறம் பஞ்சுவுக்குக் கை நடுங்குகிறதாம். மனுஷர் மறைக்கிறார், பாவம் என்று முடித்திருக்கிறார்.

பஞ்சு நாள் முழுக்க நின்றார். சீப்புகளைக் கழுவினார், கழுவியதையே மறுபடி கழுவினார். இப்படியே நாட்கள் போயின. கையை நீட்டிப் பார்ப்பார். ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, உங்க கை மேல தப்பில்லைன்னு நான் சொல்லிடட்டுமா?" என்றார் தம்பி.

"அப்போ ரத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்வே?"

தம்பி தன் நாற்காலிக்குத் திரும்பினார். ஆனால் அந்தக் கேள்வி பஞ்சுவை விடவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னார்: "பை வச்சிருக்கான்னு நாலு பேர் விலகிப் போனா போகட்டும். மீதி நாலு பேராவது வருவாங்க. கை போச்சுன்னா ஒருத்தனும் வரமாட்டான். நான் அன்னிக்குத் தப்பான பதிலைச் சொல்லிட்டேன்."

"சரியான பதிலைச் சொல்லுங்க. ரேடியோகிட்டயே சொல்லுங்க. அவர் ஒருத்தர்கிட்ட சொன்னா போதாதா?" என்றாள் அவள்.

மறுநாள் மரக்கடைக்குப் போனார். அறுவை இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை மரத்தூள் நடுவில் காத்து நின்றார். ரேடியோ வாயெல்லாம் பல்லாக வரவேற்று, பலகை அடுக்கின்மேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னார்.

பஞ்சு உட்காரவில்லை. "முதலாளி, உங்களை நான் வெட்டல" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கட்டி, குடல், பை, கல். சொல்லச் சொல்லக் காது சூடானது. கோட்டை விலக்கிப் பையின் ஓரத்தையும் காட்டினார். தன்னைப் பெற்றவளுக்குக்கூட அவர் அதைக் காட்டியிருக்க மாட்டார்.

ரேடியோ வாயடைத்துப்போனார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"அப்போ, அன்னிக்கு என் கழுத்துல பட்டது?"

"ஆமாங்க. என்னோடதுதான். மன்னிக்கணும்."

ரேடியோவின் கை மெல்ல எழுந்து கழுத்துக்குப் போனது. அந்த இடத்தைத் தேய்த்தது. பிறகு தோள் துண்டை எடுத்து, அதனாலும் துடைத்தார். தான் துடைப்பது அவருக்கே தெரிந்திருக்காது. பஞ்சு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்குத் தயாராகித்தான் வந்திருந்தார்.

"சரி பஞ்சு. நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார் ரேடியோ.

அன்று சாயங்காலத்திலிருந்தே பஞ்சு காத்திருந்தார். கடைக்குள் நுழைகிறவர்களின் கண் தன் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்குகிறதா என்று பார்த்தார். முகம் சுளிப்பார்கள், சிலர் வெளியேறுவார்கள், யாராவது ஒருவர் "கை நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி நாற்காலியில் ஏறுவார் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்த ஒருவருக்காகத் துணியை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு கண்ணும் இறங்கவில்லை. வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. எல்லோரும் முன்போலவே அன்பாக நலம் விசாரித்துவிட்டுத் தம்பிக்காகக் காத்திருந்தார்கள். பெஞ்சிலிருக்கும் ஒவ்வொருவரிடமும் கோட்டை விலக்கிக் காட்ட அவரிடம் தெம்பு மிச்சமில்லை. இருந்த தெம்பையெல்லாம் மரக்கடையிலேயே செலவழித்துவிட்டார்.

பிறகு ரேடியோவே முடிவெட்ட வந்தார். வாசல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், உள்நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சுவைச் சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டு, காதருகில் வாயை வைத்தார்.

"தைரியமா இரு. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. என் சம்சாரத்துகிட்டகூடச் சொல்லல. நம்பி வந்து சொன்னே. அது என்னோடவே போயிடும்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறார், அது எவ்வளவு பெரிய பாடு என்று முகத்திலேயே தெரிந்தது. பஞ்சு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப உபகாரம் முதலாளி" என்றார்.

தம்பி துணியைப் போர்த்திக் கத்தரியை எடுத்தார். ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சிலிருந்தவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "என்ன கைன்னு நினைக்கிறீங்க அது! ஒரு காலத்துல கத்தி பட்டதே தெரியாது. பாவம்."

தம்பியின் கத்தரி நின்றது. அவர் அண்ணனைப் பார்த்தார். வேண்டாம் என்று பஞ்சு தலையை ஆட்டினார். கத்தரி மறுபடி ஓடத் தொடங்கியது.